காதுகுத்துப் பேனர்

முதல் ஒரு மாதம் அவளுடைய கண்களை மட்டும்தான் எனக்குத் தெரியும். நீலத் தொப்பி, முகமூடி, கழுத்து வரை மூடிய கோட்டு. செல்போன் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் லைனுக்குள் நுழைந்துவிட்டால் எல்லாரும் ஒரே ஆள்தான். பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்களைச் சேர்ந்தாற்போல் சாப்பிட அனுப்பமாட்டார்கள். அதனால் நான் கேன்டீனிலிருந்து திரும்பும்போது அவள் கிளம்புவாள். வேலைக்கு நடுவே வலது பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும். திரும்பினால் இரண்டு கண்கள்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து சுங்குவார்சத்திரம் டீக்கடையில் நிற்கும்போது ஒரு பெண் எதிரே வந்து, "ஏட்டி, என்னையத் தெரியலியா? ரைட் சைடு" என்றாள். எனக்குச் சந்தேகம். எனக்கு எதிலும் சந்தேகம்தான். என் கையை நீட்டி அவள் மூக்கையும் வாயையும் மறைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்ததில் பாதி டீ கீழே போனது.

நான் மண்ணூர்க்காரி. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, வீட்டுக்கு எதிரிலேயே கம்பெனி பஸ் நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வேலைக்குப் போனவள். அவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்தவள். சுங்குவார்சத்திரத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு அறையில் இருந்தார்கள். நாங்கள் இருவருமே கான்டிராக்டர் மூலம் எடுத்த ஆட்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நிறத்திலேயே அது தெரியும்.

அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு வேலை ஞாபகம் வருவதில்லை, பண்டிகைகள்தான் ஞாபகம் வருகின்றன. வருடத்தில் ஒருநாள், ஆயுத பூஜைக்கு, லைனை நிறுத்துவார்கள். அன்று மட்டும் செல்போனை உள்ளே கொண்டுபோகலாம். மற்ற நாளெல்லாம் அது வாசலில் லாக்கரில் கிடக்கும். ஆனால் பூஜைதான் ஒரு தினுசானது. கோலப்பொடி தூசி, உள்ளே விடமாட்டார்கள். விபூதி தூசி. பொரி கேன்டீனோடு சரி. பூசணிக்காயை கேட்டுக்கு வெளியே உடைக்க வேண்டும். குங்குமத்தைக் காகிதத்தில் வைத்து, அந்தக் காகிதத்தை மெஷின்மேல் ஒட்டுவோம். கோலம் இல்லாமல் என்ன பூஜை என்று நான் சலித்துக்கொண்டபோது, அவள் தரையில் கோடு போட வைத்திருந்த மஞ்சள் டேப்பையும் கறுப்பு டேப்பையும் எடுத்து வந்தாள். ஸ்கேல் வைத்து அளந்து, பிளேடால் நறுக்கி, தரையில் எட்டு இதழ் தாமரை ஒன்றை ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண் அவள். சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது டென் மினிட்ஸ்ல பிரிச்சிட முடியுமா?" என்றார். "ஒட்டுனதைப் பிரிக்க எத்தன நிமிசம் ஆகும் சார்? மொதல்ல பாருங்க, பெறவு பிரிக்கலாம்" என்றாள். அந்தத் தாமரைக்குப் பக்கத்தில் முகமூடியை இறக்கிவிட்டு நாங்கள் எடுத்துக்கொண்ட படம்தான், கம்பெனிக்குள் நாங்கள் சேர்ந்திருக்கும் ஒரே படம்.

கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. டீக்கடை அட்டைப்பெட்டியை வெட்டி நட்சத்திரம் செய்து அறை வாசலில் தொங்கவிட்டோம். பூசைக்கு என்னையும் கூட்டிப்போனாள். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் நான் எல்லாரையும் விட அரை நொடி தாமதமாகவே எல்லாம் செய்தேன். வெளியே வந்ததும், "ஒன்னையப் பாத்து சேசு பாலனே சிரிச்சிருப்பாருட்டி" என்றாள். பொங்கலுக்கும் அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் பானை பொங்கியபோது என் அம்மாவை விடப் பெரிதாகக் கத்தினாள்.

என் பிறந்தநாளைக் கேன்டீனில் கொண்டாடியது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அதற்காகவே ஒருத்தியிடம் கெஞ்சி இடம் மாறிக்கொண்டு, என்னோடு சாப்பிட வந்திருந்தாள். நெருப்புக்கு அனுமதி கிடையாது. மெதுவடையின் ஓட்டையில் ஐஸ்கிரீம் குச்சியைச் செருகி, அதன் தலையில் சிவப்புப் பேனாவால் தீபம் வரைந்திருந்தாள். "ஊது" என்றாள். ஊதினேன். "அணையலியே, நல்லா ஊது." அன்றைக்குத்தான் எனக்குக் கூடப் பிறந்தது அக்கா மட்டும், அண்ணன் தம்பி கிடையாது என்ற பேச்சு வந்தது. "அப்பம் ஒனக்குப் பிள்ள பொறந்தா காது குத்த மடியில யாரு வச்சிக்குவா?" என்று கேட்டாள். பெரியப்பா மகன் யாராவது இருப்பார்கள் என்றேன். வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே, "அதெல்லாம் வேண்டாம். நாந்தான் தாய்மாமன்" என்றாள்.

இதுவரை எழுதியது எளிதாக வந்துவிட்டது. இனிமேல் வருவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நெடுஞ்சாலை ஓரத்தில்தான் நிற்பார்கள். வெயிலும் மழையும் அவர்கள்மேல்தான். மழைக்காலத்தில் லாரிகள் அடித்துவிட்டுப் போகும் சேற்றோடுதான் வேலைக்கு வருவார்கள். அங்கே ஒரு நிழற்குடை வேண்டும் என்று அவள் மனு எழுதினாள். எழுத்தெல்லாம் அவளுடையது. முதல் கையெழுத்து அவளுடையது, இரண்டாவது என்னுடையது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்க் கொடுக்கலாம் என்றாள்.

நான்தான் வேண்டாம் என்றேன்.

எங்கள் பகுதியில் ஒரு கட்சிக்காரர் இருக்கிறார். எல்லாரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் பெண்கள் தங்கியிருந்த அறைகளுக்குப் பொங்கல் கொண்டாட்டத்துக்கு வந்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார். பாட்டிலில் அவர் படம். "உங்க அண்ணன் நான் இருக்கேன்மா, எதுன்னாலும் கேளுங்க" என்று மைக்கில் சொன்னார். அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தண்ணி தீந்தாத்தான் இவரு மூஞ்சி தெளிவாத் தெரியும் போல" என்றாள். நான் சிரித்தேன். ஆனாலும் நம்பினேன். என் அப்பாவுக்கு அவரைத் தெரியும். தெரிந்தவர் மூலம் போனால் சீக்கிரம் நடக்கும், கலெக்டர் ஆபீஸுக்கு லீவு போட்டு அலைய வேண்டாம் என்று நான் சொன்னேன். படித்தவள், பொறுப்பாக யோசிப்பவள் என்று அவள் என்னை நினைத்திருந்தாள். மனுவை என் கையில் கொடுத்தாள்.

வீட்டில் அப்பா அதை வாங்கிப் படித்தார். மறுநாள் காலை மேசைமேல் இருந்தபோது பார்த்தேன். என் கையெழுத்து இருந்த இரண்டாவது வரியில் வைட்னர் பூசியிருந்தது. எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. "உன் பேரு எதுக்கு இதுல? மத்த பொண்ணுங்க போட்டதே போதும்" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பயந்த மனிதர். அவருடைய பயம்தான் என் ரத்தத்திலும் ஓடுகிறது. நான் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினேன். அன்று மாலை அப்பா மனுவைத் தலைவரிடம் கொடுத்துவிட்டார்.

எங்களை வேலைக்கு எடுத்த கான்டிராக்டர் தலைவருடைய மச்சான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், நான்தானே உள்ளூர்க்காரி. ஒரு வாரத்தில் கையெழுத்துப் போட்ட பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள். மற்றவர்களை எச்சரித்து விட்டார்கள். முதல் பெயருக்கு உரியவளுக்கு மட்டும் கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. என்னை யாரும் கூப்பிடவே இல்லை. அவள் பெட்டி கட்டும்போது நான் போய் உதவினேன். எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவளுக்கு ஓட்டு தூத்துக்குடியில். அந்த அறைகளில் இருந்த ஒருத்திக்கும் இங்கே ஓட்டு கிடையாது. அவர்களுக்குப் பாட்டில் கொடுத்தால் போதும், நிழல் வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு அதுதான் என்று பிறகு புரிந்தது. தேர்தல் வந்தபோது நிழற்குடையும் வந்தது. தலைவருடைய கல்யாண மண்டபத்துக்கு எதிரில், ஒரு பஸ்ஸும் நிற்காத இடத்தில். அவர் படம் போட்ட பலகைக்குக் கீழே ஆடுகள் படுத்திருக்கும். நான் ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறேன். மை காய்வதற்குள் ஏதோ தப்பு செய்துவிட்டது போலவே வெளியே வருவேன்.

அவளுக்கு ஒரகடத்தில் வேறு வேலை கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் அறை. எனக்குக் கல்யாணம் ஆனது, மண்ணூரிலேயே, நாலு தெரு தள்ளி. என் வீட்டுக்காரர் கம்பெனி ஆட்களை ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அந்த ஓட்டமும் தலைவர் சொல்லிக் கிடைத்ததுதான். இங்கே எதைத் தொட்டாலும் கடைசியில் அவர் கையில் போய் முடியும். கிறிஸ்துமஸ், பொங்கல், பிறந்தநாள் என்று நாங்கள் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். அவள் என் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு மெதுவடைப் படம் அனுப்புவாள். என் மகள் பிறந்தபோது, "தாய்மாமன் ரெடி" என்று அனுப்பினாள்.

பதினோராவது மாதம் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். எனக்கு அதுவே பெரிய கவலை. புண்ணாகிவிடுமோ என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கப்பட்டு இணையத்தில் தேடினேன். அதற்கு நடுவில் அவளுக்குப் போன் செய்து, "நீ வந்தாதான்டி காதுகுத்து. உன் மடியிலதான்" என்று சொல்லிவிட்டேன். மாமியாரிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, காதுகுத்து நாளே வந்துவிட்டது.

அன்று காலை பூ வாங்கத் தெருமுனைக்குப் போனேன். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் சவுக்குக் கட்டைகள் நட்டுப் பேனர் கட்டியிருந்தார்கள். நடுவில் என் மகள், தலையில் கிரீடம், முதுகில் இறக்கை. வலது பக்கம் முழு உயரத்துக்குத் தலைவர், கைகூப்பி. "தங்கத் தேவதையை வாழ்த்த வருகை தரும் எங்கள் தலைவரே, வருக" என்று எழுத்து. கீழ் வரிசையில் என் வீட்டுக்காரருடைய நண்பர்கள், எல்லாரும் கூலிங்கிளாஸ் போட்டு. வரிசையின் வலது கடைசியில் அவள் முகம்.

அந்தப் படத்தைக் கொடுத்தது நான்தான். ஆயுத பூஜைப் படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி, "நண்பர்கள் போட்டோவில் இவளையும் போடச் சொல்லுங்க" என்று வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தேன். வந்து இறங்கியதும் பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தலைவர் வருவார் என்பது எனக்குத் தெரியாது. அவருடைய செருப்புக் காலுக்கு நேர் கீழே, அடையாள அட்டைக் கயிறு கழுத்தில் தெரிய, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஓடினேன். "இன்னாங்க இது? அவர் படத்தை யாரு போடச் சொன்னது?" என்றேன்.

வீட்டுக்காரர் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். "பசங்க ஆசையா போட்டுகினாங்க. அவரு வராருல்ல, போடலன்னா நல்லாவா இருக்கும்?"

"கழட்டிடலாங்க."

"அவரு வர்ற நேரத்துல கழட்டறதா? வேன் ஓட்டம் ஓடணுமா வேணாமா?"

உள்ளேயிருந்து மாமியார் சிரித்த முகமாக வந்தார். "விசயம் தெரியுமா உனக்கு? உனக்குக் கூடப்பொறந்தவன் இல்லன்னு கேள்விப்பட்டு, தலைவரே மாமன் ஸ்தானத்துல மடியில வெச்சிக்கிறேன்னு சொல்லிட்டாராம். யாருக்குக் கெடைக்கும் இந்தப் பாக்கியம்?"

நான் வாயைத் திறந்தேன். "சரிங்கத்தை" என்றுதான் வந்தது.

மூன்று வண்டி மாறி வருகிறவள் எப்படியும் பத்து மணிக்கு மேல்தான் வருவாள் என்று கணக்குப் போட்டேன். குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்தேன். மொட்டை அடிக்க வாங்கி வைத்திருந்த புது பிளேடில் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தேன். தலைவரை ஒன்றும் செய்ய முடியாது. அவளை எடுத்துவிட்டால் அவளுக்கு அவமானம் இல்லை, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகவே தோன்றியது. கீழ் வரிசை என் நெஞ்சுயரத்தில் இருந்தது. பாதி வட்டம் அறுத்திருப்பேன்.

"ஏட்டி, என் கழுத்தை ஏன் அறுக்க?"

பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தாம்பாளம் வைத்த பை, இன்னொரு கையில் கவுன் பெட்டி. தாய்மாமன் சீர். பையிலிருந்து தூத்துக்குடி மக்ரூன் பாக்கெட் எட்டிப் பார்த்தது.

"நீ பாக்கக் கூடாதுன்னுதான்டி. இந்தாளு படத்துக்குக் கீழ உன்னை..."

"ஆட்டோவுல வரும்போதே பாத்தாச்சு. இம்புட்டுப் பெருசா வச்சா தெரியாதாக்கும்?" பையைக் கீழே வைத்துவிட்டு, பிளேடை என் கையிலிருந்து வாங்கி, மீதி வட்டத்தை அவளே அறுத்தாள். டேப் கோலத்தை நறுக்கிய அதே நிதானம். தன் முகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அன்னைக்கு வைட்னர், இன்னைக்குப் பிளேடு. பெருச விட்டுட்டுச் சின்னதத்தான் எடுக்க வரும் ஒனக்கு, என்ன?"

"உனக்குத் தெரியுமா?"

"கான்டிராக்டரு என்னையக் கூப்பிட்டு மனுவக் காட்டித்தானே வஞ்சான். எம் பேருக்குக் கீழ வெள்ளையா ஒரு பட்ட. அதுல நீ கையெழுத்துப் போடும்போது பக்கத்துல இருந்தவ நான்."

"அப்பவே ஏன்டி கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. எனக்கு அன்னைக்கு ரூமக் காலி பண்ணணும், வேல தேடணும். அதுக்கு நடுவுல ஒன்னைய வேற தேத்தணுமா?"

நான் அழுதேன். அவள் ஷேர் ஆட்டோக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். கோபம் இல்லாமல் இல்லை. துடைத்ததில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

தலைவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நாலு ஆட்கள், போட்டோ எடுக்க ஒருவர். சாமியானாவுக்குள் வந்ததும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "குடுங்கம்மா பாப்பாவ. மாமன் மடி ரெடி" என்று கை நீட்டினார். காது குத்துகிற ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை என் இடுப்பில். மாமியார் என்னையே பார்த்தார். அவள் கூட்டத்தின் ஓரத்தில், சீர்த் தட்டோடு, தூணில் சாய்ந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சைகை காட்டி, பரவாயில்லை என்று என்னைத் தப்பிக்க விட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அதைச் செய்யக் கூடாது என்றுதான் பார்க்கவில்லையோ என்னவோ.

"மாமா வந்துட்டாங்கண்ணா" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "இவதான். இவ மடியிலதான்னு முன்னாடியே பேசினது. நீங்க ஆசீர்வாதம் பண்ணுங்க."

"பொம்பளப் புள்ள மாமனா?" என்று யாரோ கிழவர் கேட்டார். அவள் வந்து பாயின் மறுமுனையில் உட்கார்ந்து, தட்டைக் கீழே வைத்துவிட்டு, மடியைச் சரிசெய்தாள். நான் குழந்தையை வைத்தேன்.

தலைவர் சிரித்தார். அவருக்கு எதற்கும் சிரிக்கத் தெரியும். "நல்லது, நல்லது. இந்தப் பொண்ணு எந்த ஊரும்மா?" என்றார். அவருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. எங்களுக்கு வருடக்கணக்காக நெஞ்சில் முள்ளாக இருந்த விஷயம், அவருக்கு ஒரு முகமாகக்கூட ஞாபகம் இல்லை.

"நிழற்குட கேட்டு மனு குடுத்தவண்ணே" என்றாள்.

"அதான் கட்டிக் குடுத்தாச்சேம்மா!"

"ஆமாண்ணே. ஆடுங்க சௌகரியமாப் படுத்திருக்கு."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. தலைவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆசாரி குத்தினார். என் மகள் வீறிட்டாள். "அழுவாதடா, அழுவாதடா, மாமன் இருக்கேன்லா" என்று அவள் குழந்தையின் தலையைத் தன் தாடைக்குக் கீழே அணைத்துக்கொண்டாள். தலைவர் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பினார். வேறு நிகழ்ச்சி இருக்கிறதாம்.

அதன் பிறகு மூன்று நாள் மாமியார் என்னிடம் நேராகப் பேசவில்லை. "பாப்பா, உங்கம்மாவ உப்பு எடுத்தாரச் சொல்லு" என்று குழந்தை வழியாகப் பேசினார். வேன் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு முறை வீட்டுக்காரரின் போன் அடிக்கும்போதும் நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதுவும் கவலையாக இருக்கிறது. நான் செய்தது சரிதானா, அப்படி எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டுமா, முதல் நாளே மாமியாரிடம் சொல்லியிருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லாமல் முடிந்திருக்குமா? தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவளை ஆட்டோ ஏற்றிவிடப் போனோம். குழந்தை என் தோளில், காது மடல் இரண்டும் சிவந்து. பேனரில் வட்டமாக ஓட்டை தெரிந்தது, அதன் வழியாக எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை. அவள் சட்டென்று பேனருக்குப் பின்னால் போய், குனிந்து, அந்த ஓட்டையில் தன் முகத்தை வைத்தாள்.

"எடுட்டி போட்டோ."

தலைவருடைய கைகூப்பிய உருவம், இறக்கை முளைத்த என் மகள், கூலிங்கிளாஸ் வரிசை, கடைசியில் நிஜமான அவள் முகம். ஆட்டோக்காரர்கள் கை தட்டினார்கள். அவள் மூக்கையும் வாயையும் கையால் மூடிக்கொண்டு, "இப்பம் தெரியுதா? ரைட் சைடு" என்றாள். எனக்குச் சிரிப்பில் கை ஆடி, படம் கலங்கலாகத்தான் விழுந்தது. அதையே வைத்திருக்கிறேன்.

ஆட்டோ வந்தது. அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். "என் மேல கோவம் போயிடுச்சாடி?"

அவள் எட்டிக் குழந்தையின் காதைப் பார்த்தாள். "மஞ்சளக் கிஞ்சள அப்பிராத. தேங்காண்ண போதும். கம்மல தெனம் ஒரு சுத்து திருப்பிவிடு, இல்லன்னா ஒட்டிக்கிடும்" என்றாள். ஆட்டோ கிளம்பிவிட்டது.

தினமும் ஒரு சுற்று திருப்பிவிடுகிறேன்.